மாசும் மாசகற்றுவோரும்

சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்பொருள் அச்சொல்லோடு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. ஆனால் அக்காரணம் மேலோட்டமாக நோக்குவார்க்கு எளிதில் விளங்குவதில்லை. இவ்வுண்மையைத் தொல்காப்பியர் அன்றே உணர்ந்திருந்தார். சொல்லின் பிறப்பை ஆராய்வது வெறும் அகராதிப் பொழுதுபோக்கு அன்று. சில வேளைகளில் அது நம்மை ஓர் அறவினாவின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அத்தகைய சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியையும், அவ்வழியில் புலப்படும் உண்மையையும் இம்மலரின் அன்பர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்டது 'டிஃபைல்' என்னும் ஆங்கிலச் சொல். மாசுபடுத்துதல், தூய்மை கெடுத்தல், தீட்டுப்படுத்துதல் என்றெல்லாம் அதற்குத் தமிழில் பொருள் கூறலாம். கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு இச்சொல்லைக் கேட்டவுடன் அலுவலகக் கோப்புத்தான் நினைவுக்கு வரும். கோப்பைக் குறிக்கும் 'ஃபைல்' என்னும் சொல், நூலிழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தாள்களை நூலில் கோத்துவைத்த பழக்கத்தால் அப்பெயர் உண்டாயிற்று. 'கோப்பு' என்னும் நம் சொல்லும் கோத்தலிலிருந்து வந்ததே அன்றோ? இருவேறு மொழியினர் ஒரே செயலைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இந்தக் கோப்புக்கும் மாசுபடுத்துதலுக்கும் சொற்பிறப்பில் உறவு இல்லை. அலுவலக அடுக்குகளில் படிந்துள்ள தூசியைக் கண்டவர்கள் இதை நம்ப மறுக்கலாம். எனினும் அகராதிகள் அவ்வாறே கூறுகின்றன.

அவ்வாறாயின் 'டிஃபைல்' எங்கிருந்து வந்தது? அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் நாம் காண்பது ஒரு குப்பைமேட்டை அன்று. ஒரு துணி வெளுக்கும் தொட்டியை! மாசுபடுத்துவதைக் குறிக்கும் சொல் மாசகற்றுபவரின் காலடியில் பிறந்திருக்கிறது. இவ்விந்தையிலிருந்தே நம் வினாவும் எழுகிறது. அழுக்கைச் செய்தவன் அழுக்குடையவனா, அன்றி அதை அகற்றுபவன் அழுக்குடையவனா?

துவைத்த காலின் கதை

பழைய உரோமாபுரியில் கம்பளித் துணிகளை வெளுத்துப் பதப்படுத்தும் தொழிலாளர் இருந்தனர். இலத்தீன் மொழியில் அவர்களுக்கு 'ஃபுல்லோ' என்று பெயர். அவர்கள் தொட்டிக்குள் நின்று, இருபுறமும் உள்ள குட்டைச் சுவர்களில் கையூன்றிக்கொண்டு, காலால் துணியை மிதித்து மிதித்து அழுக்கை நீக்குவர். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரில் அவர்களுடைய பட்டறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தொட்டியில் நின்று மிதிக்கும் தொழிலாளரின் சுவரோவியங்களும் அங்கே கிடைத்து, இன்று நேப்பிள்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

சோப்பு வழக்கில் இல்லாத அக்காலத்தில் அழுக்கை நீக்க அவர்களுக்குப் பயன்பட்ட பொருள்கள் இரண்டு. ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். ஆங்கிலத்தில் அதை வெளுப்போர் மண் என்னும் பொருளில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்பர். வேறெதுவும் அன்று, வடநாட்டுக் கடைகளில் நாம் நாள்தோறும் காணும், பெண்கள் முகத்துக்குப் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியே அது. நம் ஊர்களில் வெள்ளாவி வைப்போர் பயன்படுத்திய உவர்மண்ணும் அதே வேலையைச் செய்ததே. மண் அழுக்கு என்று நாம் சொல்கிறோம். ஆனால் மண்ணே நம் அழுக்கை நீக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அழுக்காக்குதலைக் குறிக்கும் 'சாயில்' என்னும் வினைச்சொல்லும், நிலத்தைக் குறிக்கும் 'சாயில்' என்னும் பெயர்ச்சொல்லும் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறானவை. வினைச்சொல்லைச் சேற்றில் புரளும் பன்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அகராதிகள் பலவும் இணைக்கின்றன. மண்ணன்னையின் மீது அப்பழி இல்லை என்பது அறிந்து நாம் ஆறுதல் கொள்ளலாம்.

மற்றொரு பொருள், புளிக்கவைத்த சிறுநீர். அதிலுள்ள காரம் பிசுக்கை அறுக்கும். அதனால் எழுந்த நாற்றத்தை மார்ஷியல் என்னும் உரோமானியக் கவிஞர் கேலி செய்து பாடியிருக்கிறார். கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் என்னும் பேரரசன், பொதுக் கழிப்பிடங்களிலிருந்து பெறப்பட்ட சிறுநீருக்கு வரி விதித்தான். அவன் மகன் டைட்டஸ் அதைக் கேட்டு முகம் சுளித்தானாம். தந்தை அவ்வரியில் வந்த காசு ஒன்றை எடுத்து மகனின் மூக்கருகே நீட்டி, இது நாறுகிறதா என்று வினவினான். இல்லை என்றான் மகன். ஆனாலும் இது வந்தது அதிலிருந்துதான் என்றான் தந்தை. வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்த இக்கதையில் நகைச்சுவை மட்டுமா உள்ளது? அத்தொழிலிலிருந்து வந்த காசு எந்த மூக்கையும் உறுத்தவில்லை. அதே தொழிலில் இறங்கிய உடல் மட்டும் நாறுகிறது என்று பேசப்பட்டது. காசைக் கைநீட்டி வாங்குவோம், கையைத் தீண்டமாட்டோம் என்னும் வழக்கம் உலகில் எவ்வளவு பழையது!

இன்னொன்றும் உண்டு. உரோமாபுரியில் பதவி நாடி மக்களிடம் வாக்குக் கேட்டுச் செல்வோர் சுண்ணம் பூசி வெண்மையேற்றிய ஆடையை அணிந்தனர். வெண்மையைக் குறிக்கும் 'காண்டிடுஸ்' என்னும் சொல்லிலிருந்தே வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. ஆடையை வெளுத்தவனின் தொழிலிலிருந்து 'டிஃபைல்' என்னும் சொல் கிளைத்தது. வெளுத்த ஆடையை உடுத்தவனுக்குப் பெருமைமிக்க பெயர் கிடைத்தது! வெள்ளை வேட்டியின் அரசியல் மதிப்பை அறிந்த தமிழர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

'ஃபுல்லோ' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, காலால் மிதித்துத் துவைத்தலைக் குறிக்கும் வினைச்சொல் பிரெஞ்சு மொழியில் வழங்கலாயிற்று. துவைத்தல் என்னும் பொருள் தேய்ந்து, மிதித்தல் என்பது மட்டும் எஞ்சியது. மிதித்தல் நசுக்குதலாகவும், நசுக்குதல் மானங்கெடுத்தலாகவும் வளர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல் வந்து புகுந்தபோது, அழுக்காக்குதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் ஒன்று அதைத் தன்பால் இழுத்துத் தன் வடிவத்தையும் அதற்கு ஊட்டியது. இவ்வாறே இன்றைய 'டிஃபைல்' உருவாயிற்று. ஆகவே வெளுப்போரை இழிவுபடுத்த வேண்டும் என்று யாரும் திட்டமிட்டு இச்சொல்லை ஆக்கிவிடவில்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒலியின் மயக்கமும் பொருளின் நழுவலும் சேர்ந்து செய்த வேலை இது. இங்கிலாந்தில் அத்தொழிலோரின் பெயர்கள் ஃபுல்லர், வாக்கர், டக்கர் என்று குடும்பப் பெயர்களாய் நின்று, இன்று எவ்வித இழிவுமின்றி வழங்குகின்றன. துணியின்மேல் நடந்து நடந்து துவைத்ததனால் வந்த பெயரே 'வாக்கர்'. அப்பெயருடையவரைக் கண்டு இன்று ஆங்கிலேயர் எவரும் ஒதுங்குவதில்லை.

ஆங்கிலத்தில் தற்செயலாய் நேர்ந்தது இது. நம் மொழியில் நேர்ந்ததும் தற்செயல்தானா? இவ்வினாவைக் கேட்காமல் பிறர் மொழியின் விந்தையை மட்டும் பேசி மகிழ்வது நேர்மையாகாது.

நம் இலக்கியத்தில் வெளுப்பவள்

சங்கப் பாடல்களில் துணி வெளுப்பவள் 'புலைத்தி' என்று குறிக்கப்படுகிறாள். புறநானூற்றின் 311-ஆம் பாடல் ஔவையார் பாடியது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்துத் தந்த தூய வெள்ளாடை அப்பாடலில் வருகிறது. களர் என்றால் உவர்ப்பு மிகுந்த நிலம். அங்கு ஊறும் நீரில் காரம் இருக்கும். காரம் அழுக்கை அறுக்கும். உழவுக்கு உதவாத நிலத்தின் நீரைக் கொண்டு ஊராரின் ஆடையை வெண்மையாக்கிய அவளுடைய அறிவை அப்புலவர் கண்டிருக்கிறார். குறுந்தொகையின் 330-ஆம் பாடலிலும் அவள் வருகிறாள். துணியைப் பசையில் தோய்த்தெடுத்து அடித்துக் குளிர்ந்த குளத்தில் அலசும் அவளுக்கு, நலமுடையவள் என்னும் பொருள்படும் அடைமொழியையும் புலவர் சூட்டியிருக்கிறார்.

ஆனால் அப்பெயரின் அடியாகிய 'புலை' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள்கள் யாவை? இழிவு, தீட்டு, ஊன் என்பனவே. ஊராரின் ஆடையில் மாசு நீக்கித் தூய்மை தந்தவளின் பெயரிலேயே மாசு ஒட்டிக்கொண்டிருக்கிறது! சங்க காலத்தில் அச்சொல் எவ்வளவு இழிவைச் சுமந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பிற்காலத்தில் அதன் ஆண்பால் வடிவம் அப்பட்டமான வசைச்சொல்லாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இதற்கு மாறான குரலும் நம் இலக்கியத்தில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாறு கூறப்படுகிறது. அவர் துணி வெளுக்கும் ஏகாலியர் குலத்தவர். அடியார்களின் ஆடையை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒருநாள் மெலிந்த முதிய அடியார் ஒருவர் அழுக்கேறிய கந்தையோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்தார் தொண்டர். மழை விடாது பெய்தது, துணி உலரவில்லை. குளிரில் நடுங்கும் முதியவருக்குத் தீங்கு செய்துவிட்டோமே என்று கலங்கித் துணி துவைக்கும் கல்லில் தம் தலையை மோதிக்கொள்ள முற்பட்டபோது, இறைவனின் கை தோன்றி அவரைத் தடுத்தது. அக்கை தோன்றிய இடம் கருவறை அன்று, துணி துவைக்கும் கல் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அறுபத்து மூவரில் ஒருவராகக் கோயிற் சுற்றில் அவரை நிறுத்தி வணங்கிய அதே சமுதாயம், அவர் தொழிலைச் செய்த உயிருள்ள மக்களை எவ்வாறு நடத்திற்று? ஒடுக்கப்பட்ட மக்களின் துணிகளை வெளுத்து வந்த புதிரை வண்ணார் என்னும் பிரிவினர், திருநெல்வேலிப் பகுதியில் பகல் வேளையில் பிறர் கண்ணில் படவும் கூடாதென்று ஒதுக்கப்பட்டிருந்தமை 1930-களில் பதிவாகியுள்ளது. தீண்டாமைக்கும் அப்பாற்பட்ட காணாமை அது! பிறப்புத் துணியும் இறப்புத் துணியும் அவர்கள் கையால் தூய்மை பெற்றன. அக்கைகளுக்கு உரியவர்களோ இரவில் நடமாடும் நிழல்களாயினர். இவர்தம் வாழ்வைப் பொருளாகக் கொண்டே இமையம் தம் முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளை 1994-இல் வெளியிட்டார். இலக்கியம் என்றால் காதலும் வீரமும் மட்டுமே என்று எண்ணும் நம் இளைஞர்கள் அதைப் படித்தறிதல் நன்று.

எது அழுக்கு?

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, தூய்மை வேண்டாம் என்கிறீர்களா, அழுக்கைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணச் சொல்கிறீர்களா என்று வினவலாம். நேரிய வினாவே. அதற்கு விடை காண, அழுக்கு என்பது யாது என்று முதலில் தெளிதல் வேண்டும்.

மேரி டக்ளஸ் என்னும் ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் 1966-இல் தூய்மையையும் தீட்டையும் பற்றி எழுதிய நூலில் பழைய கருத்து ஒன்றை விரித்துரைத்தார். தனக்குரிய இடத்தில் இல்லாத பொருளே அழுக்கு என்பது அக்கருத்து. வயலில் கிடக்கும் சேறு நமக்கு வளம். கூடத்தில் கிடந்தால் அழுக்கு. தலையில் உள்ள மயிர் அழகு. சோற்றில் விழுந்தால் அருவருப்பு. பொருளில் இழிவு இல்லை. இடம் மாறியதே குற்றம். அப்படியானால் அழுக்கை அகற்றுபவர் செய்வது என்ன? இடம் மாறிய பொருளை மீண்டும் அதற்குரிய இடத்தில் சேர்க்கிறார். ஒழுங்கைக் குலைப்பவர் நாம். மீண்டும் ஒழுங்கு செய்பவர் அவர்.

அழுக்கை உடம்புக்குத் தீங்கு செய்யும் நோய்க்காரணம் என்று கொண்டாலும், அது சாதி பார்த்து ஒட்டுவதில்லை. 1847-இல் வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவச்சிகள் கவனித்த பிரிவைவிட, கற்றறிந்த மருத்துவர்களும் மாணவர்களும் கவனித்த பிரிவிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். பிணத்தை அறுத்து ஆய்ந்த கையோடு வந்து பேறு பார்த்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் மருத்துவ உலகத்தில் பலர் அவர் கூற்றை ஏற்க மறுத்தனர். கற்றோரின் கையிலும் அழுக்கு இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமாயிருந்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. கழுவினால் போவது அழுக்கு. கழுவியும் போகாது, குளித்தும் போகாது, கற்றும் போகாது, தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் என்று சொல்லப்படுவது அழுக்கன்று, அவதூறு. துணி வெளுப்பவரும் தெருக் கூட்டுபவரும் மாலையில் குளித்துவிட்டு வந்தால் அவர் உடலில் அழுக்கில்லை. அதன்பின்னும் அவரை அழுக்கர் என்பவரின் நாவில்தான் அழுக்கு இருக்கிறது.

தீட்டு என்னும் நம் சொல் தீண்டுதலிலிருந்து வந்தது. மாசு கலத்தலைக் குறிக்கும் 'கன்டாமினேட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தொடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தே பிறந்தது. தொட்டால் ஒட்டும் என்னும் அச்சம் எல்லா மக்களுக்கும் உண்டு என்பதற்கு இச்சொற்கள் சான்று. ஆனால் அச்சத்துக்கு நாம் வகுத்த விதிகளைப் பாருங்கள். மராட்டிய நாட்டு மகாத் நகரில், 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தம் மக்களோடு சென்று பொதுக்குளத்து நீரைப் பருகினார். ஆடுமாடுகள் பருகத் தடையில்லாத குளம் அது. மனிதர் பருகியதும் தீட்டாகிவிட்டதென்று கருதி, சாணமும் கோமியமும் கலந்த பஞ்சகவ்வியத்தை ஊற்றி அதைப் 'புனித'மாக்கினர் சிலர். நீருக்கு நேர்ந்த மாசு எது என்பதை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமலே நாம் முடிவு செய்துகொள்ளலாம்.

செயலா, பிறப்பா?

'டிஃபைல்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இடமுண்டு. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு வழிபாட்டிடங்களை மாசுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 298-ஆம் பிரிவு அதையே தொடர்கிறது. அங்கே சட்டம் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். செய்தவன் யார் குலத்தவன் என்று அது கேட்கவில்லை. ஒரு சமயத்தாரை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு, அல்லது அவ்வாறு கருதப்படும் என்று அறிந்தே செய்தானா என்று கேட்கிறது. ஆக, மாசு என்பது ஒரு செயல். அச்செயலுக்குப் பின்னால் ஒரு மனம் இருக்க வேண்டும். மனமும் செயலும் இல்லாத இடத்தில் மாசும் இல்லை. வறண்ட சட்டத்தின் நடுவே இவ்வளவு தெளிவான அறநெறி அமைந்திருப்பது வியப்பே.

சான்றோர் சொன்னதும் இதுவே. மனத்தில் மாசில்லாதிருத்தலே அறம் முழுவதும் என்றும், மற்றவை ஆரவாரமே என்றும் 34-ஆம் குறளில் வள்ளுவர் காட்டினார். உடலைத் தூய்மையாக்க நீர் போதும், உள்ளத்தைத் தூய்மையாக்க உண்மை வேண்டும் என்பது அவர் 298-ஆம் குறளில் சொன்ன கருத்து. விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில், மனிதனைத் தீட்டுப்படுத்துவது வாய்க்குள் போகும் உணவன்று, உள்ளத்திலிருந்து வாய்வழி வெளிவருவதே என்று இயேசுபிரான் விளக்குகிறார். 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'டிஃபைல்' என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் தோன்றிய இவ்விருவரும் மாசின் இருப்பிடத்தைச் சுட்டுவதில் ஒன்றுபடுகின்றனர். அவ்விடம் தோலும் அன்று, தொழிலும் அன்று.

இடம் பெயர்ந்து வந்த நாம்

இவ்வளவையும் வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? காரணங்கள் இரண்டு உள.

இடம் மாறிய பொருளே அழுக்கு என்று கண்டோம். இடம் மாறிய மனிதர் அல்லரோ நாம்? புலம்பெயர்ந்து வருவோரை அழுக்கரென்று சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் மூத்த தலைமுறையினர் வீடு தேடி அலைந்த நாள்களில் அவர்கள் நிறத்தையும், பேச்சையும், புளியும் நல்லெண்ணெயும் மணக்கும் சமையலையும் பார்த்து முகம் சுளித்தவர் இருந்தனர். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டவர்க்கு எதிராக எழுந்த கூச்சலையும் அவர்களில் பலர் கேட்டிருக்கின்றனர். குளித்து, நீறு பூசி, வெளுத்த சட்டை அணிந்து அலுவலகம் செல்லும் மனிதரையும் ஒரு சொல் எவ்வாறு அழுக்காக்கிவிடும் என்பது நம் குடும்ப வரலாற்றிலேயே உள்ள பாடம். அப்பாடத்தைக் கற்றவர் பிறர்மீது அதே சொல்லை எறிதல் தகுமா?

இரண்டாவது காரணம், நம் மொழியைப் பற்றியது. நம் குழந்தைகளுக்குத் தமிழ் தெருவில் கிடைப்பதில்லை. பள்ளியிலும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டில் நாம் பேசுவதே அவர்கள் அறியும் தமிழ். ஊரில் வாழ்வோர் தம் பேச்சை நாளும் மாற்றிக்கொண்டு போகின்றனர். அங்கு மறைந்துபோன வசவுகளையும் சாதிப்பெயர் ஏசல்களையும் சில இல்லங்களில் ஊறுகாய் போல் பத்திரமாய்க் காத்து வருகின்றனர். கோபத்தில் தாய் சொல்லும் ஒரு சொல்லைப் பிள்ளை தமிழ் என்றே கற்றுக்கொள்கிறது. அதன் வேரும் வரலாறும் அப்பிள்ளைக்குத் தெரியாது. அதிலுள்ள நஞ்சு மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் 'டிஃபைல்' தன் வரலாற்றை மறந்து நிற்பதுபோல், நம் வீட்டுத் தமிழும் தன் குற்றத்தை மறந்து வழங்கிக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்குத் திருக்குறள் ஒப்புவிக்கக் கற்பிக்கும் நாம், எச்சொற்களை அவர்கள் காதில் விழாமல் விட்டுவிட வேண்டும் என்பதையும் கற்க வேண்டும். மொழியைக் காப்பது என்பது அதன் எல்லாச் சொற்களையும் காப்பது அன்று.

குடியிருப்பு ஒவ்வொன்றிலும் மரத்தடியிலோ மாடிப்படியின் கீழோ கரிப்பெட்டியைச் சூடேற்றி நாள் முழுவதும் நின்று நம் துணிகளைத் தேய்த்துத் தருபவர் ஒருவர் இருக்கிறார். காலையில் வாசலில் குரல் கொடுத்துக் குப்பையை எடுத்துச் செல்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அவர்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களே. தண்ணீர் கேட்டால் தனிக் குவளையைத் தேடும் வீடும், கூலியைக் கையில் தராமல் திண்ணையில் வைக்கும் வீடும் இன்னும் இல்லாமற் போய்விடவில்லை. வெஸ்பாசியனின் காசு நாறவில்லை என்ற கதை அங்கே மீண்டும் நடக்கிறது.

இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று; உயிரைப் பற்றியது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றச் செய்வதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதனினும் விரிந்த வேறொரு சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. கழிவுநீர்க் குழியில் இறங்கி உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்பதே, இறப்பு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று. நச்சுக்காற்று நிரம்பிய அக்குழியில் இருந்தது யாருடைய கழிவு? இறங்கியவருடையது மட்டுமா? சட்டம் இருந்தும் இயந்திரம் வராமல் மனிதர் இறக்கப்படுவதற்கு வறுமை ஒரு காரணம்; பொறுப்பின்மை மற்றொரு காரணம். இவை இரண்டுக்கும் அடியில், அவ்வேலை அவர்களுக்கே உரியது என்று நெஞ்சின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எண்ணம் ஒன்றும் உள்ளது. அவ்வெண்ணத்தைக் கட்டிக்காப்பவை சொற்களே.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். மாசு என்பது செய்தவர்க்கு உரியது, அகற்றுபவர்க்கு உரியதன்று. ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் அடைத்தால், அடைத்தவரைக் கடன்காரர் என்று யாரும் ஏசுவதில்லை. அவருக்குக் கடன்பட்டவர் என்று நம்மையே சொல்லிக்கொள்கிறோம். நம் அழுக்கை நீக்கித் தருபவர்க்கும் நாம் அவ்வாறே கடன்பட்டவர்கள். அக்கடனைக் கூலியால் ஒரு பங்கு அடைக்கலாம். உரிய கூலியை உரிய நாளில் அவர் கையிலேயே தருவது அதன் தொடக்கம். குழிக்குள் மனிதரை இறக்கும் வேலைக்கு ஆள் தேடாமலிருப்பதும், குடியிருப்போர் சங்கம் அதைச் செய்ய முனையும்போது வாய்மூடி இராமல் மறுப்பதும் அடுத்த பங்கு. நம் குப்பையை நாமே பிரித்துக் கட்டித் தருவதும், நம் கழிப்பறையை நம் பிள்ளைகளே கழுவப் பழகுவதும் இன்னொரு பங்கு. எஞ்சிய பங்கை நாவினால்தான் அடைக்க முடியும். அவரை அவர் பெயர் சொல்லி, அண்ணன் என்றோ அக்கா என்றோ அழைப்பதற்கு எந்த மொழியிலும் தடையில்லை.

சொற்கள் தாமாக அழுக்காவதில்லை; தாமாக வெளுப்பதும் இல்லை. துணியைப் போலவே, அவற்றையும் யாரேனும் துவைத்தாக வேண்டும். அவ்வேலையைப் பிறர் வந்து செய்வார் என்று காத்திராமல் நாமே செய்வோமாக.